கூட்டிய வாசலும் குவித்த புல்லும்: லிம் சூ காங் பண்ணைத் தீ குறித்த நிகழ்வு ஆய்வு

தீப்பிடித்த புல்வெளியின் விளிம்பிலிருந்து ஊழியர் வீட்டுச் சுவர் 14 மீட்டரில் இருந்தது. அதே விளிம்பிலிருந்து சரக்குக் கொட்டகை 38 மீட்டரில் இருந்தது. இரண்டுக்கும் ஒட்டுப்பலகைச் சுவர்கள், தகரக் கூரைகள். தொலைவில் இருந்த கொட்டகை எரிந்து சாம்பலானது. அருகில் இருந்த வீட்டில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு துண்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை.

2014 பிப்ரவரி முதல் வாரத்தில், சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் நான் மேற்பார்வையாளராக வேலை பார்த்த அலங்காரச் செடிப் பண்ணையில் நடந்தது இது. மறுநாள் காலை அளவு நாடாவுடன் போய் முதலில் அளந்தவை இந்த இரண்டு தூரங்கள்தாம். நம்ப முடியாமல் இன்னொரு முறை அளந்தேன். நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பது எரியும், தள்ளி இருப்பது தப்பும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தப் பண்ணை இப்போது இல்லை. ஆனால் என் தங்கை குடும்பம் பெர்த் நகரை ஒட்டிய மலைப்பகுதியில் வீடு வாங்கியபோது, "அண்ணா, சுற்றிலும் மரங்கள் இருக்கின்றன, எத்தனையை வெட்ட வேண்டும்?" என்று என்னிடம் கேட்டாள். சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயரும் நம்மவர்கள் பலரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவளுக்குச் சொன்ன பதிலின் முழு வடிவம் இது.

இடம்

பண்ணை ஏறக்குறைய சதுர வடிவம். வடகிழக்குப் பக்கம் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் முன்பு எவரோ பயிர் செய்து கைவிட்ட நிலம். இடுப்பளவு லாலாங் புல் மண்டிக் கிடந்தது. லிம் சூ காங், கிராஞ்சி, சுங்கை தெங்கா வட்டாரங்களில் சாலையோரம் போகிறவர்கள் இந்தக் காட்சியை நன்றாக அறிவார்கள். எங்கள் பக்கம் வேலியை ஒட்டி ஆறு மீட்டர் அகலத்துக்குப் புல் வெட்டிவைப்பது வழக்கம்.

வேலிக்கு அண்மையில்தான் ஊழியர் வீடு. தமிழ்நாட்டுத் தம்பிகள் நான்கு பேர், எங்களில் மூத்தவரான தேனிக்காரர் ஒருவர், பங்களாதேஷ் நண்பர் ஒருவர் என ஆறு பேர் தங்கியிருந்தார்கள். வீட்டைச் சுற்றி நான்கடி, ஐந்தடி அகலத்துக்கு வெறும் மண்தரை. அதற்கு அப்பால் தண்டுக்கீரைப் பாத்தி, இரண்டு கறிவேப்பிலைச் செடிகள், ஒரு முருங்கை. பாத்திரம் கழுவும் தண்ணீர் முழுவதும் பாத்திக்கே போகும். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் யாராவது ஒருவர் ஈர்க்குமாற்றால் வீட்டைச் சுற்றிக் கூட்டிவிடுவார். இதற்கு முறை வைத்திருந்தார்கள். ஊரில் வாசல் தெளிக்கும் பழக்கத்தை இங்கேயும் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் நான் அதைக் கவனித்ததே இல்லை.

கொட்டகை பண்ணையின் நடுவில் இருந்தது. உள்ளே நெகிழித் தொட்டிகள், உர மூட்டைகள், தென்னைநார்த் தூள் கட்டிகள். அதன் பின்சுவரை ஒட்டி வெளியே கறுப்பு நிழல்வலைச் சுருள்களும் பழைய மரப்பலகைகளும் கிடந்தன. குளத்திலிருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கான மின்கம்பியும் அதே பின்சுவர் வழியாகத்தான் ஓடியது.

மழை இல்லாத நாட்கள்

பிப்ரவரியில் சிங்கப்பூரில் மழை குறைவது புதிதல்ல. வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி முடிந்தபின் வறண்ட காற்று வீசும். ஆனால் 2014இல் நடந்தது வேறு. ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் நீடித்த வறட்சி அப்போது ஒரு சாதனையாகப் பதிவானது. சாங்கி வானிலை நிலையத்தில் அந்தப் பிப்ரவரி முழுவதும் பதிவான மழை 0.2 மில்லிமீட்டர். மழையளவுப் பதிவுகள் தொடங்கிய 1869ஆம் ஆண்டிலிருந்து அவ்வளவு வறண்ட மாதம் இருந்ததில்லை. பூங்காக்களில் புல் பழுப்பானது. சாலையோர மரங்கள் இலை உதிர்த்தன.

லாலாங் எரிவதற்கு இவ்வளவு வறட்சிகூடத் தேவையில்லை. வெளியே பச்சையாகத் தெரியும் தூரின் உள்ளே பழைய தாள்கள் காய்ந்து நின்றுகொண்டே இருக்கும். மெல்லிய காய்ந்த புல் ஈரத்தை வாங்கவும் விடவும் மணிக்கணக்கே போதும். விடியற்காலைப் பனியில் நனைந்திருப்பது பிற்பகலில் பற்றத் தயாராகிவிடும். எரிந்தபின்னும் லாலாங் சாவதில்லை. மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டு உயிரோடு இருக்கும். மற்ற செடிகள் கருகிய இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி கிளம்பும். ஒரு முறை எரிந்த இடம் திரும்பத் திரும்ப எரிவதற்கு இதுதான் காரணம்.

சீனப் புத்தாண்டு அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு புல்வெட்டும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து வேலியோரப் பட்டையைச் சுத்தமாக வெட்டினார்கள். வெட்டிய புல்லைக் கொட்டகையின் பின்புறம் குவித்தார்கள். விடுமுறை முடிந்ததும் லாரி கொண்டுவந்து அள்ளுவதாகச் சொன்னார்கள். "வேலை முடிந்தது" என்ற தாளில் நான் கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அன்று

புதன்கிழமை பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். புகை வாசனை வந்தது. யாரும் அசையவில்லை. எட்டு மாதங்களுக்கு முன், 2013 ஜூன் 21 அன்று, சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டிருந்தது. புகை என்றால் அது கடல் தாண்டி வருவது என்று எங்கள் மூக்கு பழகிவிட்டது. பிப்ரவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது, சுமத்ராவோ தெற்கிலும் மேற்கிலும் இருக்கிறது என்பது அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்து நிமிடம் இப்படிப் போனது.

பிறகு சடசடவென்று வெடிக்கும் ஒலி. மூங்கில் பிளப்பதுபோல் இருந்தது. தேனிக்காரர்தான் முதலில் ஓடினார். வேலிக்கு அப்பால் ஆளுயரத்துக்குத் தீ, காற்று பின்னால் தள்ள, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் தீயணைப்புக்கான 995ஐ அழைத்தேன். இரண்டு பேர் மோட்டாரைப் போட்டுக் குழாயை இழுத்தார்கள். மற்றவர்கள் ஊழியர் வீட்டுக்கு ஓடிக் கடப்பிதழ்களையும் எரிவாயு உருளையையும் வெளியே கொண்டுவந்தார்கள்.

தீ வேலியை அடைந்தது. வெட்டிய பட்டையில் தரையோடு தரையாக இறங்கி, கணுக்கால் உயரத்தில் மெதுவாக ஊர்ந்தது. இதைப் பார்த்து நிம்மதியடைந்தோம். அதே நேரத்தில் வேலிக்கு அப்பால் கொழுந்துவிட்டு எரிந்ததிலிருந்து கருகிய தாள் துணுக்குகள் கங்கோடு மேலே எழும்பி எங்கள் தலைக்கு மேல் பறந்தன. வீட்டு முற்றத்தில் விழுந்தவை மண்ணில் கிடந்து கறுத்தன. தகரத்தில் விழுந்தவை சறுக்கி விழுந்து அணைந்தன. எல்லோரும் வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் கொட்டகையிலிருந்து வெண்புகை எழுவதைப் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

காய்ந்த புல் குவியல் உள்ளிருந்து எரிந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் நிழல்வலைச் சுருள்கள் உருகிச் சொட்டத் தொடங்கின. சொட்டிய ஒவ்வொரு துளியும் தனி நெருப்பு. குழாயைத் திருப்பினோம்; தண்ணீர் நின்றுபோனது. பின்சுவரில் ஓடிய மின்கம்பி முதலில் எரிந்துவிட்டது, மோட்டார் நின்றுவிட்டது. வாளியால் என்ன செய்ய முடியும்? பலகைச் சுவர் பற்றியது. உள்ளே தென்னைநார்த் தூள் புகைந்தது.

குடிமைத் தற்காப்புப் படையினர் பதினைந்து நிமிடத்துக்குள் வந்தார்கள். தங்கள் வண்டித் தண்ணீரால் கொட்டகைத் தீயை அடக்கிவிட்டு, புல்வெளியில் எஞ்சியதைத் தீயடிக்கும் மட்டைகளால் அடித்து அணைத்தார்கள். தென்னைநார்த் தூள் கட்டிகளை ஒவ்வொன்றாக உடைத்து நனைத்தார்கள். அது மேலே அணைந்தாலும் உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கக்கூடியது. ஒருவருக்கும் காயமில்லை. தீ எப்படித் தொடங்கியது என்று தெரியவரவில்லை.

அளந்து பார்த்தபோது

மறுநாள் தேனிக்காரரும் நானும் நடந்து நடந்து பார்த்தோம். சிங்கப்பூருக்கு வருவதற்கு முன் அவர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வனத்துறைக்குத் தினக்கூலியாகத் தீத்தடுப்புக் கோடு போடும் வேலைக்குப் போனவர். எங்களிடம் சேர்ந்து நான்கு ஆண்டுகளாகியும் இது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

வெட்டிய பட்டையில் குனிந்து ஒரு பிடிச் சாம்பலை எடுத்துக் காட்டி அவர் சொன்னார்: "தம்பி, இதை வெட்டினார்களே தவிர எடுக்கவில்லை. மலையில் நாங்கள் புல்லை அறுத்தபின் கிளையை ஒடித்து மண் தெரியும்வரை கூட்டுவோம். கூட்டாத கோடு கோடு இல்லை. நின்ற புல்லைவிட விழுந்த புல் மோசம்."

அந்த ஒரு வரியில் என் 14, 38 கணக்குக்கு விடை இருந்தது. நின்றுகொண்டிருந்த லாலாங் பெரிய சுடருடன் எரிந்தாலும், ஓர் இடத்தைக் கடந்துபோகச் சில நொடிகளே எடுத்தது. 14 மீட்டருக்கு அப்பால் இருந்த பலகைச் சுவர் பற்றும் அளவுக்குச் சூடேற அந்த நொடிகள் போதவில்லை. சுவருக்கும் தீக்கும் இடையில் வெறும் மண்ணும் ஈரமான கீரைப்பாத்தியும் இருந்ததால் தீ நடந்துவரவும் வழியில்லை. பறந்துவந்த கங்குகளுக்கு அங்கே தங்க இடம் கிடைக்கவில்லை.

கொட்டகைப் பக்கம் கங்கு விழுந்த இடம் ஒரு மெத்தை. பத்து நாளுக்கு மேல் வெயிலில் காய்ந்த புல், காற்று உள்ளே புகும்படி தளர்வாகக் குவிந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அரிசியளவு கங்கு ஒன்று போதும். குவியல் நிமிடக்கணக்கில் நின்று எரிந்தது. அந்த நேரம் முழுவதும் சுவர் அதன் சூட்டில் வெந்தது. காட்டுத்தீயை அந்தச் சுவர் சந்திக்கவே இல்லை. நாங்களே கொண்டுபோய் வைத்த புல்தான் அதை எரித்தது.

நான் கையெழுத்திட்ட தாளில் "புல் வெட்டப்பட்டது" என்றுதான் எழுதியிருந்தது. வெட்டப்பட்டது உண்மை. அகற்றுவது என்பது எங்கள் ஒப்பந்தத்தில் தனி வேலையாக, நாள் குறிக்காமல் இருந்தது. அந்த இடைவெளியை நான் பத்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை பெய்யும் மாதங்களில் குவியல் அழுகி மக்கிப்போகும், ஒரு தீங்கும் இல்லை. பழக்கம் கண்ணை மூடிவிட்டது. ஆறு பேர் தூங்கும் வீட்டின் பின்னால் அந்தக் குவியலைப் போட்டிருந்தாலும் அன்று அதே தாளில் கையெழுத்திட்டிருப்பேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது.

மற்ற இடங்களில் கண்டவை

நாங்கள் தற்செயலாகக் கண்டதை அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் ஜாக் கோஹன் பல ஆண்டுகளுக்கு முன்பே சோதித்திருக்கிறார். கனடாவின் வடமேற்குப் பகுதியில் 1997 முதல் 2000 வரை உண்மையான ஊசியிலைக் காட்டைக் கொளுத்தி நடத்திய சோதனைகளில், மரச்சுவர்களை 10, 20, 30 மீட்டர் தொலைவுகளில் நிறுத்தி வைத்தார்கள். மரமுடிகளே தீப்பிழம்பாக எரிந்தபோதும் 30 மீட்டரில் நின்ற சுவர் பற்றவில்லை. 20 மீட்டரிலும் பற்றவில்லை. 10 மீட்டரில் நின்றவற்றில் சில பற்றின. ஆகவே வீட்டின் விதி பெரும்பாலும் அதன் முதல் 30 மீட்டருக்குள் எழுதப்படுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அமெரிக்காவில் இந்த நிலத்தை மூன்று வளையங்களாகப் பிரிக்கிறார்கள்: சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர், பிறகு 9 மீட்டர், பிறகு 30 மீட்டர். கலிபோர்னியாவின் தீ அபாயப் பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடி, அதாவது அந்த 30 மீட்டரைப் பராமரிப்பது சட்டக் கடமை. ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் குறிப்பிட்ட பகுதிகளில் வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் மரங்களையும் 50 மீட்டருக்குள் புதர்களையும் அனுமதி கேட்காமலே அகற்றலாம்.

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் எரிந்தபோது 85 பேர் மாண்டார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. எரிந்து தரைமட்டமான வீடுகளுக்கு நடுவே பச்சை மாறாத மரங்கள் நின்ற படங்களைப் பலர் பார்த்திருப்பார்கள். மரத்திலிருந்து வீட்டுக்குத் தீ தாவவில்லை என்பதற்கு அந்தப் பச்சை மரங்களே சாட்சி. கங்குகள் கூரைச் சருகிலும் வாசற்படியிலும் விழுந்தன. ஒரு வீடு பற்றியதும் அதன் சூடு அடுத்த வீட்டைப் பற்றவைத்தது.

ஹவாயின் லஹைனா என் மனத்தை இன்னும் அதிகம் வருத்திய ஊர். 2023 ஆகஸ்ட் 8 அன்று அங்கே ஏறத்தாழ நூறு பேர் மாண்டார்கள். ஊருக்கு மேலே இருந்த கரும்புத் தோட்டங்கள் மூடப்பட்டபின் அந்நிலங்களில் கினியாப் புல் மண்டியிருந்தது. தோட்டம் மூடினால் புல் வரும். நம் பாட்டன்மார் வேலை செய்த தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரும் பறக்கும் கங்கை அறிந்த ஊர்தான். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை நாளில், புக்கிட் ஹோ ஸ்வீ பகுதியில் கம்பத்து (கிராமத்து) வீடுகள் எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். நான்கு பேர் மாண்டார்கள். அப்போது சிறுமியாக இருந்த என் தாயார், அத்தாப்புக் கீற்றுகள் எரிந்தபடியே பறவைகள்போலச் சாலையைத் தாண்டிப் பறந்ததைச் சொல்லியிருக்கிறார். சாலை அகலமான வெட்டவெளிதான். கங்கு அதைத் தாண்டியது. அப்பால் விழுந்த இடத்தில் காய்ந்த கூரை இருந்தது. நான் ஆறு மீட்டர்ப் பட்டையை நம்பியதும் அந்தச் சாலையை நம்பியதுபோலத்தான்.

நாங்கள் செய்தவை

முதல் வேலை, சுவரைத் தொடும் எதையும் விலக்குவது. எல்லாக் கட்டடங்களைச் சுற்றியும் ஒன்றரை மீட்டருக்குக் கூழாங்கல் பரப்பினோம். நிழல்வலை, பலகை, அட்டைப்பெட்டி எதுவும் அந்தக் கோட்டுக்குள் வரக்கூடாது. ஊழியர் வீட்டில் தேவையான மாற்றமாகத் தேனிக்காரர் காட்டியது செருப்பு அடுக்கை. பழைய செருப்புகளும் சாக்கும் சேர்ந்து, கதவுக்குப் பக்கத்திலேயே கங்கு தங்க ஓர் இடம். அதையும் தள்ளினோம். பலகைச் சுவரின் அடியில் இருந்த இடைவெளிகளைத் தகரத்தால் மூடினோம். மோட்டாரின் மின்கம்பியை மண்ணுக்கடியில் புதைத்தோம். டீசலில் ஓடும் சிறிய மோட்டார் ஒன்றைக் குளத்தருகே தனியாக வைத்தோம்.

அடுத்த வளையத்தில் புல் இருக்கட்டும், ஆனால் 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடாது என்று வைத்தோம். முழுவதையும் மொட்டையாக்குவது சிங்கப்பூருக்குப் பொருந்தாது. ஒரு பெருமழையில் மண் கரைந்து வடிகாலில் இறங்கிவிடும்; சேற்றுநீரை வடிகாலில் விடுவது இங்கே குற்றம். பள்ளங்களில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும். ஆகவே மண்ணைப் பிடித்துக்கொள்ளும் குட்டைப் புல்லும் வேண்டும், அது காயாமலும் இருக்க வேண்டும். கூரையில் சேரும் சருகை அள்ளுவது புதிய வேலையாக இல்லை. டெங்கிக்காக ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததையே வறண்ட மாதங்களில் வாரம் ஒரு முறை என்று மாற்றினோம்.

மரங்களைத் தொடவே இல்லை என்றே சொல்லலாம். காலி நிலத்திலும் மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்டச் சட்டம் இடம் தருவதில்லை. வெட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஈரப்பதமுள்ள இலைகள் கொண்ட நிழல் மரம் காற்றின் வேகத்தைக் குறைக்கும்; நிழலில் லாலாங் வளராது. கூரைமேல் தொங்கிய கிளைகளையும் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருந்த தாழ்கிளைகளையும் கழித்தோம். தங்கையிடமும் இதையேதான் சொன்னேன்: மரத்தை எண்ணாதே, அதன் அடியில் கிடப்பதைப் பார். அவள் ஊரில் நகராட்சி ஆண்டுதோறும் வேனில் தொடங்குமுன் தீத்தடை அறிவிப்பு அனுப்புகிறது. வீட்டைச் சுற்றி 20 மீட்டரைப் பாதுகாப்பு வளையமாக வைக்கச் சொல்கிறார்கள். அந்த வளையத்தைச் சருகில்லாமல் வைத்திருப்பதே அவளுக்கு முழுநேர வேலையாக இருக்கிறது.

கடினமானது லாலாங்தான். வெட்ட வெட்ட அது அடர்த்தியாகத்தான் வளரும். இதற்கு விடை என் பாட்டியிடமிருந்து வந்தது என்று சொல்ல எனக்கு மகிழ்ச்சி. மலேசியாவின் ஜொகூரில் பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் புல்வெட்டுக் கணக்கில் வேலை பார்த்தவர் அவர். மரக்கன்றுகளின் இடையே லாலாங்கை அடக்க, படரும் பயறுவகைக் கொடிகளை மூடுபயிராக விதைப்பார்கள் என்பதை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புவேரேரியா, கலோப்போகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய கொடிகள் மலாயாத் தோட்டங்களில் பல தலைமுறையாக இதைச் செய்துவந்தன. வேலியோரப் பட்டையில் கிழங்குத்தண்டுகளை மண்வெட்டியால் கிளறி எடுத்துவிட்டு ஒரு மூடுபயிரை விதைத்தோம். முதல் ஆறு மாதம் லாலாங்கே வென்றது. கையால் பிடுங்கிக்கொண்டே இருந்தோம். ஓராண்டு கழித்துக் கொடி தரையை மூடியது. ஆனால் கொடியும் வறட்சியில் காயும். வீட்டுப் பக்கம் அதை வரவிடக் கூடாது, வேலிமீது ஏறவிடக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது ஒப்பந்தத்தில் மாற்றிய ஒரு வரி: "வெட்டிய புல் அன்று மாலைக்குள் பண்ணையை விட்டு வெளியேற வேண்டும், வெளியேறிய பின்னரே பணி முடிந்ததாகக் கையெழுத்திடப்படும்." ஒப்பந்தக்காரர் கட்டணத்தை ஏற்றினார். நியாயம்தான், லாரியும் ஆளும் கூடுதல். முதலாளி தயங்கினார். எரிந்த கொட்டகையின் சரக்குப் பட்டியலை முன்னால் வைத்தேன். ஒப்புக்கொண்டார். திறந்தவெளியில் எரிப்பது இங்கே சட்டவிரோதம் என்பதால் அகற்றுவதற்குக் குறுக்குவழியும் கிடையாது.

பிறகு

அடுத்த ஆண்டும் ஒரு வறண்ட வாரத்தில் அதே நிலத்தில் தீ எழுந்தது. சிறியதுதான். வேலிவரை வந்து மூடுபயிரின் விளிம்பைக் கருக்கிவிட்டு நின்றது. கங்குகள் பறந்தன. செடிகளின்மேல் கட்டியிருந்த நிழல்வலையில் ஏழு இடத்தில் ஓட்டைகள் விழுந்தன. கட்டடம் எதுவும் பற்றவில்லை. நாங்கள் செய்தது காப்பாற்றியதா, தீ சிறிதாக இருந்ததால் தப்பினோமா என்று ஒரே ஒரு நிகழ்வை வைத்துச் சொல்ல மாட்டேன். கூழாங்கல்மேல் கறுத்துக் கிடந்த கங்குகளை எண்ணினேன்: பதினொன்று. அவற்றில் நான்கு, முந்தைய ஆண்டு புல் குவித்திருந்த அதே பின்சுவரின் அடியில்.

லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் குத்தகை முடிவுக்கு வரும் என்று 2014இல் அறிவித்தார்கள். எங்கள் பண்ணையும் பின்னாளில் மூடியது. ஊழியர்கள் பிரிந்துபோனார்கள். தேனிக்காரர் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புற்சரிவில் தீ பரவி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். செய்தி பார்த்ததும் அவரை அழைத்தேன். அவர் கிராமம் அங்கிருந்து தள்ளி, அடிவாரத்தில் இருக்கிறது. பத்திரமாக இருந்தார். குரல் மட்டும் தளர்ந்திருந்தது. இரண்டு நாள் கழித்து வீட்டின் படங்களை அனுப்பி, "தம்பி, எதை எடுக்க வேண்டும் என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே என்னிடம் கேட்டார். தன் வீட்டைத் தானே பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது என்றார்.

முற்றம் கண்ணாடிபோல் இருந்தது, கோலத்தோடு. ஆனால் பின்பக்கம் சமையற்கட்டுச் சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருந்தார்கள். தென்னையோலை வேலி ஒன்று தோட்டத்திலிருந்து நேராக வந்து கூரையின் ஓரத்தைத் தொட்டது. இரண்டையும் வட்டமிட்டு அனுப்பினேன். விறகை மறுநாளே கிணற்றடிக்கு மாற்றிவிட்டார். வேலியை எடுத்தால் பக்கத்து வீட்டு ஆடுகள் கீரையைத் தின்றுவிடும் என்று அவர் மனைவி மறுத்தார். சுவரை ஒட்டிய ஆறடிக்கு மட்டும் ஓலையை எடுத்துவிட்டுக் கல் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். கல்லுக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பதாகக் கடைசியாகப் பேசியபோது சொன்னார்.